அவதாராகப் போய் மாநாட்டில் உட்காரலாமா? – சந்தேகங்களும் விளக்கங்களும்

கருத்தரங்கு அழைப்பிதழில் 'இடம்' என்ற வரிக்கு எதிரே நாரத கான சபா, ராணி சீதை ஹால், நந்தம்பாக்கம் வர்த்தக மையம் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். எந்த பஸ் போகும், வண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் நம் கவலையாக இருக்கும். கொரோனா வந்தபோது அந்த வரியில் ஜூம் லிங்க் வந்து உட்கார்ந்தது. சில அழைப்பிதழ்களில் இப்போது லிங்க்கோடு, 'பத்து நிமிடம் முன்னதாக உள்ளே வந்து உங்கள் அவதாரைத் தயார் செய்துகொள்ளவும்' என்ற குறிப்பும் சேர்ந்து வருகிறது. மயிலாப்பூர் ஆடிட்டர் ஆபீஸ், தி.நகர் கிளினிக், அடையாறில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் சாஃப்ட்வேர்காரர் என்று எங்கே போனாலும் இதைப் பற்றி ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஜூமில் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பதிலாக ஒரு கார்ட்டூன் பொம்மை நிற்கும், அவ்வளவுதானே?

பொம்மையை விடுங்கள். விஷயம் தூரத்தில் இருக்கிறது. ஜூமில் ஒருவர் வாய் திறந்தால் இருநூறு பேருக்கும் கேட்கும். அதனால் மற்ற 199 பேரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். மெய்நிகர் உலகத்தில் உங்கள் உருவத்தை, அதாவது அவதாரை, அரங்கத்துக்குள் நடத்திக்கொண்டு போகலாம். பக்கத்தில் நிற்பவர் குரல் தெளிவாகக் கேட்கும், நாலடி தள்ளி நிற்பவர் குரல் மெலியும், இன்னும் தள்ளிப் போனால் கேட்காது. இடப்பக்கம் நிற்பவர் பேசினால் ஹெட்போனின் இடது காதில் விழும். ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் இருபது பேச்சுகள் நடக்கலாம். எதில் சேர்வது, எதிலிருந்து நழுவுவது என்பது உங்கள் இஷ்டம்.

மார்கழியில் மியூசிக் அகாடமியின் காலை நேரச் சொற்பொழிவுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ராகத்தைப் பற்றி மேடையில் சொன்னது சரியா தவறா என்ற உண்மையான விவாதம் கேன்டீனில்தான் நடக்கும். 2020 டிசம்பரில் கச்சேரிகள் இணையத்துக்கு வந்தன, கேன்டீன் வரவில்லை. தொழில்முறை மாநாடுகளிலும் இதே கதைதான். உரையை யூடியூபில் எப்போது வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். தேநீர் இடைவேளையில் கிடைக்கும் அறிமுகத்துக்காகத்தான் ஆட்கள் பணம் கட்டிப் போகிறார்கள். அந்த இடைவேளையை இணையத்தில் உண்டாக்கும் முயற்சி இது. ஆகவே அழைப்பு வந்ததும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். காலையிலிருந்து மாலை வரை உரை, உரை, உரை என்று மட்டும் இருந்தால் அவதார் வீண் வேலை, ஜூமே போதும். போஸ்டர் அமர்வு, கண்காட்சி ஸ்டால், சிறு குழு உரையாடல் இவற்றுக்கு நேரம் ஒதுக்கியிருந்தால் போய்ப் பார்க்கலாம்.

இது புதிதாக வந்ததா? நம் பக்கத்தில் யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

புதிதில்லை. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 'செகண்ட் லைஃப்' என்ற மெய்நிகர் உலகத்தை 2003-இலேயே திறந்துவிட்டது. அதில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2006-இல் ஒரு செய்திப் பிரிவு வைத்தது. ஸ்வீடன் அரசு 2007-இல் ஒரு தூதரகமே திறந்தது. 2008-இல் ஐ.பி.எம். தன் தொழில்நுட்ப அகாடமியின் கூட்டத்தை அங்கே நடத்தியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் அவதார்களாக வந்தார்கள். பிறகு அந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. கொரோனா வந்ததும் மறுபடி உயிர் வந்தது. மெய்நிகர் தொழில்நுட்ப ஆய்வாளர்களின் சர்வதேச மாநாடான ஐ.இ.இ.இ. வி.ஆர். 2020 மார்ச்சில் அட்லாண்டாவில் நடக்க வேண்டியது; முழுக்க இணையத்துக்கு மாறி, மோசில்லா ஹப்ஸ் என்ற மெய்நிகர் அறைகளையும் நேரலையையும் வைத்து நடந்தது.

நம் நாட்டில் ஐ.ஐ.டி. பம்பாய் 2020 ஆகஸ்ட் 23 அன்று நடத்திய பட்டமளிப்பு விழாவில், மாணவர்களின் அவதார்கள் மேடையேறி இயக்குநரின் அவதார் கையிலிருந்து பட்டம் வாங்கின. அதே ஆண்டில் பின்னர், அடையாறுக்கு அடுத்த வீடான ஐ.ஐ.டி. மெட்ராஸும் தன் 57-ஆவது பட்டமளிப்பு விழாவைக் கலப்பு மெய்ம்மை முறையில் நடத்தியது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் டேவிட் கிராஸ் முதன்மை விருந்தினர். அதே வளாகத்தில் 'எக்ஸ்டிக்' என்ற ஆய்வு மையம் இந்தத் துறைக்காகவே இயங்குகிறது.

ஆனால் தமிழ்நாட்டில் இதை வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது ஒரு கல்யாணம். 2022 பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தாலி கட்டிய ஒரு ஜோடி, வரவேற்பை மெட்டாவெர்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தில் வைத்தது. ஹாரி பாட்டர் கதையில் வரும் பள்ளி மாதிரி அரங்கம். காலமாகிவிட்ட மணமகளின் தந்தை அவதாராக வந்து வாழ்த்தினார். செய்தி உலகம் முழுக்கப் போனது. அதன் பலனாக மெய்நிகர் நிகழ்ச்சி என்றாலே வேடிக்கை, விளம்பரம் என்ற எண்ணமும் நம் ஆட்களிடம் ஒட்டிக்கொண்டது. தொழில்முறை நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இவ்வளவு சுவாரசியமாக இருக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முகத்தில் மாட்டும் வி.ஆர். ஹெட்செட் வாங்க வேண்டுமா?

வேண்டாம். தொழில்முறை நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். 2020-இல் பிரபலமான 'கேதர்' போன்றவற்றுக்கு முப்பரிமாணம்கூடக் கிடையாது. மேலிருந்து பார்க்கும் வரைபடத்தில் சின்ன உருவம் நடக்கும், பிரவுசர் இருந்தால் போதும். நீங்கள் உண்மையிலேயே வாங்க வேண்டியது மைக்கோடு கூடிய நல்ல ஹெட்போன். ஸ்பீக்கரில் வைத்தால் மற்றவர் குரல் உங்கள் மைக்கிலேயே திரும்ப விழுந்து எதிரொலிக்கும். குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் தெரியாது.

முந்தின நாளே லிங்க்கைத் திறந்து பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் பாதுகாப்புக் காரணத்துக்காக இப்படிப்பட்ட தளங்களை அடைத்து வைத்திருப்பார்கள். அதை நிகழ்ச்சி தொடங்கும்போது கண்டுபிடிப்பதில் லாபமில்லை.

நண்பர் ஒருவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். எனக்கு வயது 58. எனக்கும் அப்படி ஆகுமா?

ஆகலாம். வயதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கும் ஆகிறது. நீங்கள் நடப்பதாகக் கண் சொல்கிறது. நீங்கள் நாற்காலியில் அசையாமல் இருப்பதாக உள்காது சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. கொடைக்கானல் மலைப் பாதையில் பஸ்ஸுக்குள் புத்தகம் படிப்பவருக்கு நேர்வதும் இதுதான், முரண்பாடு மட்டும் நேரெதிர். நீங்கள் தலையைத் திருப்பியதற்கும் படம் திரும்புவதற்கும் இடையே தாமதம் கூடக்கூடத் தொந்தரவு அதிகமாகும்.

சில வழிகள் உண்டு. அமைப்புகளில் 'டெலிபோர்ட்' என்ற வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் உருவம் நடக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். நடப்பதைவிட இது பலருக்கு ஒத்துப்போகிறது. உட்கார்ந்தே இருங்கள். முகத்தில் காற்று படும்படி டேபிள் ஃபேன் வைத்துக்கொள்ளுங்கள். தலை கனத்தாலோ வியர்த்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பழகுகிறேன் என்று இறங்காதீர்கள், அது மோசமாகத்தான் ஆகும். கழற்றியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். ஏற்கெனவே வெர்டிகோ, வலிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் மாட்டவே கூடாது.

சென்னைக்கென்று சில சங்கடங்களும் உண்டு. ஏறக்குறைய அரை கிலோ எடையுள்ள சாதனத்தை மே மாதத்தில் முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொள்வது ஏ.சி. இல்லாத அறையில் நடக்காத காரியம். ஹெட்செட்டோடு எழுந்து நின்று கையை வீசுபவர்கள் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறியையும் பக்கத்திலிருக்கும் பீரோவையும் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், 58 வயதில் முதல் மாநாட்டை லேப்டாப்பிலேயே பாருங்கள்.

நான் சி.ஏ. மெய்நிகர் மாநாட்டில் கலந்துகொண்டால் சி.பி.இ. மணி நேரம் கிடைக்குமா? டாக்டர்களுக்கு?

எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள் என்பதைவிட யார் நடத்துகிறார்கள் என்பதுதான் முக்கியம். தொழில் நடத்தும் உரிமச் சான்று வைத்திருக்கும் 60 வயதுக்குட்பட்ட பட்டயக் கணக்காளர் மூன்றாண்டுத் தொகுப்பில் 120 மணி நேரத் தொடர் கல்வி (சி.பி.இ.) முடிக்க வேண்டும்; அதில் 60 மணி 'ஸ்ட்ரக்சர்ட்' வகையில் இருக்க வேண்டும். அந்த 60 மணிக்கு, பட்டயக் கணக்காளர் கழகமான ஐ.சி.ஏ.ஐ.யின் அமைப்புகள் நடத்தும் அல்லது அங்கீகரிக்கும் நிகழ்ச்சிகள்தான் எடுபடும். நுங்கம்பாக்கத்திலுள்ள அதன் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலின் நிகழ்ச்சிக்கு மணி உண்டு. எங்கோ அமெரிக்காவில் எவரோ நடத்தும் பிரமாதமான மெய்நிகர் மாநாட்டுக்கு, எவ்வளவு கற்றுக்கொண்டிருந்தாலும், அந்தக் கணக்கில் இடமில்லை. சுயமாகக் கற்றதாகக் காட்டும் மீதி மணிகளில் சேர்க்க முடியுமா என்று பார்க்கலாம்.

டாக்டர்களுக்கு ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதி. இங்கும் புள்ளி தருவது மாநில மருத்துவக் கவுன்சில். அழைப்பிதழில் 'கிரெடிட் பாயின்ட் உண்டு' என்று போட்டிருந்தால் எந்தக் கவுன்சில், எத்தனை புள்ளி, அனுமதி எண் என்ன என்று கேளுங்கள். பதில் வர மூன்று நாள் ஆனால், புள்ளி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அவதார் கூட்டத்தில் வருகைப் பதிவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அறைக்குள் பொம்மையை நிறுத்திவிட்டு நீங்கள் லஸ் முனையில் காய்கறி வாங்கப் போகலாம். ஆகவே ஒழுங்காக நடத்துபவர்கள் நடுநடுவே கேள்வி வைப்பார்கள், அல்லது சில நிமிடம் கேமராவைத் திறக்கச் சொல்வார்கள். கோபப்பட வேண்டாம், உங்கள் சான்றிதழுக்கு மதிப்பு இருப்பது அதனால்தான்.

அப்படியானால் கம்பெனிகளின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் மெட்டாவெர்ஸுக்குப் போய்விடுமா?

மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கத்து ஓய்வுபெற்ற பங்குதாரர்களின் மனக்குறை இந்தக் கேள்வியில் தெரிகிறது. மியூசிக் அகாடமியிலும் நாரத கான சபாவிலும் ஏ.ஜி.எம். நடந்த காலத்தில், சேர்மனிடம் நேருக்கு நேராக டிவிடெண்ட் ஏன் குறைந்தது என்று கேட்டுவிட்டு, காபி குடித்து, பழைய சகாக்களைப் பார்த்துவிட்டு வரலாம். 2020 ஏப்ரல் 8 அன்று கம்பெனி விவகார அமைச்சகம் அசாதாரணப் பொதுக்கூட்டங்களையும், மே 5 அன்று ஆண்டுப் பொதுக்கூட்டங்களையும் வீடியோ வழியாக நடத்தச் சுற்றறிக்கைகள் மூலம் அனுமதித்தது. அந்தச் சலுகை நீட்டித்து நீட்டித்துத் தொடர்ந்து வந்திருக்கிறது.

அந்தச் சுற்றறிக்கைகள் பேசுவது வீடியோ கான்பரன்ஸ் அல்லது பிற ஒலி-ஒளி வழிகளைப் பற்றி. மின்னணு வாக்களிப்பு கட்டாயமான கம்பெனிகள் குறைந்தது ஆயிரம் உறுப்பினர்கள் பங்கேற்கும் வசதி செய்ய வேண்டும். முந்தி வருபவருக்கே இடம். கூட்டம் தொடங்கப் பதினைந்து நிமிடம் முன்பே லிங்க்கைத் திறந்துவைக்க வேண்டும். இந்த ஆயிரம் என்ற எண்தான் மெய்நிகர் உலகத்துக்குத் தொண்டையில் சிக்கும் முள். அங்கே ஒவ்வொரு அவதாரின் அசைவையும் மற்ற ஒவ்வொருவரின் திரைக்கும் அனுப்பியாக வேண்டும். பத்துப் பேர் இருந்தால் தொண்ணூறு வழிப் போக்குவரத்து. நூறு பேர் என்றால் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆயிரம் பேர் என்றால் பத்து லட்சத்தை நெருங்கிவிடும். மோசில்லா ஹப்ஸ் அறைகள் சுமார் இருபத்தைந்து பேருக்கு மேல் திணறின. பெரிய மாநாடுகள் கூட்டத்தைப் பல அறைகளாகப் பிரித்துப் பேச்சாளரை எல்லா அறைகளிலும் காட்டுவதும் இதனால்தான்.

வாக்களிப்பும் தனி. அவதார் கையைத் தூக்கினால் அது வாக்கு ஆகாது; என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல். போன்றவற்றின் மின்னணு வாக்களிப்பில் உங்கள் அடையாள எண்ணோடு போடுவதுதான் வாக்கு. ஆகவே சேர்மனின் பொம்மையை உங்கள் பொம்மை கேள்வி கேட்கும் காட்சியைப் பார்க்க அவசரப்பட வேண்டாம்.

பெங்களூரு மாநாட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக மெய்நிகரில் கலந்துகொள் என்கிறார் மேனேஜர். ஒப்புக்கொள்ளலாமா?

மேனேஜர் சொல்வதில் கணக்கு இருக்கிறது. முன்னே சொன்ன ஐ.பி.எம். கூட்டத்தில் பயணமும் அரங்க வாடகையும் சேர்த்து இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் மிச்சமானதாக லிண்டன் லேப் பிற்பாடு வெளியிட்டது. சரக்கு விற்பவர் சொல்லும் கணக்கு என்பதைக் கழித்துக்கொண்டாலும் ஓட்டல், விமானச் செலவு மிச்சம் என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கணக்கில் வராத ஒன்று உங்கள் நேரம். பெங்களூருக்குப் போனால் இரண்டு நாள் நீங்கள் 'வெளியூரில்' இருப்பீர்கள். யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். மெய்நிகரில் கலந்துகொள்ளும்போது நீங்கள் சீட்டிலேயே இருப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஒரு கண் மாநாட்டில், ஒரு கண் மெயிலில். மூன்றாவது உரை முடிவதற்குள் 'ஒரு நிமிஷம், அந்த ஃபைலை மட்டும் அனுப்பிடுங்க' என்று வரும். ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் அந்த நேரத்துக்கு வேலையிலிருந்து விடுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். மிச்சமான பணத்தில் ஒரு நல்ல ஹெட்போன் கேட்டாலும் தப்பில்லை.

கட்டணம் கட்டினால் ரசீது, வரி எல்லாம் எப்படி?

சொந்தத் தொழில் செய்பவர், தொழிலோடு தொடர்புள்ள மாநாட்டுக் கட்டணத்தை மற்ற கருத்தரங்குக் கட்டணம் மாதிரியே செலவில் காட்டலாம்; இன்வாய்ஸில் உங்கள் நிறுவனப் பெயரும் ஜி.எஸ்.டி. எண்ணும் இருக்கட்டும். சம்பளக்காரர் கம்பெனியிடம்தான் திரும்பப் பெற வேண்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். டிக்கெட்டை என்.எஃப்.டி.யாகவோ கிரிப்டோ நாணயத்திலோ விற்கும் நிகழ்ச்சி என்றால் ஆடிட்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். இவை போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளை மாற்றிக் கிடைக்கும் லாபத்துக்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி. அதே ஆண்டு ஜூலை முதல் 1 சதவீத டி.டி.எஸ். ஒரு நாள் கருத்தரங்குக்கு இவ்வளவு தலைவலி தேவையா?

அவதாருக்கு என்ன உடை போடுவது? சொந்தப் பெயரில் போகலாமா? பெண்களுக்குப் பாதுகாப்பா?

உடையில் பெரிய விஷயம் இல்லை. கோட், சட்டை, சல்வார் இருக்கும். வேட்டியும் புடவையும் பெரும்பாலான தளங்களில் இருக்காது. தலைக்கு மேலே உங்கள் பெயரும் நிறுவனமும் தெரியட்டும். டிராகன் வேடத்தில் வந்து வேலை கேட்டவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அல்லது டிராகனாகத்தான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். தொழில்முறைக் கூட்டத்துக்குச் சொந்தப் பெயர்தான் சரி. ஆனால் வீட்டு முகவரி, தனிப்பட்ட செல் எண் எதையும் அவதாரின் குறிப்பில் எழுதாதீர்கள்.

பாதுகாப்பு விஷயத்தை லேசாகச் சொல்லிவிட முடியாது. 2021 இறுதியில், மெட்டா நிறுவனத்தின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் என்ற மெய்நிகர் உலகத்தைச் சோதித்துப் பார்த்த ஒரு பெண், தன் அவதாரை முன்பின் தெரியாத ஒருவர் தகாத முறையில் தொட்டதாகப் புகார் செய்தார். 'பொம்மையைத்தானே தொட்டார்கள்' என்று அப்போது சிரித்தவர்கள் உண்டு. ஹெட்செட் மாட்டியிருப்பவருக்கு அது தன் உடலுக்கு எதிரே நடப்பதாகத்தான் படும். குரலும் காதருகே கேட்கும். 2022 பிப்ரவரியில் அவதார்களுக்கு இடையே ஏறக்குறைய நான்கு அடி இடைவெளியைக் கட்டாயமாக்கும் வசதியை அந்த நிறுவனம் கொண்டுவந்தது. அதன் பிறகு எந்தத் தளத்துக்குப் போனாலும் பெண்கள் முதலில் தேட வேண்டியது இந்த எல்லைக்கோடு வசதியை. அடுத்தது ம்யூட், பிளாக் பொத்தான்கள் எங்கே என்பதை.

நிறுவனம் அனுப்பி நீங்கள் போனீர்கள் என்றால், 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை மறக்காதீர்கள். வேலையின் பொருட்டுச் செல்லும் எந்த இடமும் பணியிடம் என்கிறது அது. திரைக்குள் இருக்கும் அரங்கம் அதில் சேராது என்று வாதாடுவது எளிதல்ல. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அந்தக் கணத்திலேயே திரையைப் பதிவு செய்துவைத்தால் பின்னால் உதவும்; மெய்நிகர் அறையில் சாட்சிக்கு ஆள் தேடுவது சிரமம். நிகழ்ச்சி முடிந்தும் விடாமல் இணையத்தில் பின்தொடர்ந்தால் பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-ஆவது பிரிவு இருக்கிறது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணும் தேசியப் புகார் இணையதளமும் இருக்கின்றன.

என் முகமே தெரியாதபோது அந்தரங்கத்துக்கு என்ன ஆபத்து?

முகம் தெரியாததால் ஏற்படும் தெம்புதான் ஆபத்து. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் 511 பேரிடம் சோதித்தார்கள். ஹெட்செட்டும் கைப்பிடிகளும் பதிவு செய்த அசைவுகளில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான தரவை வைத்தே, 95 சதவீதம் சரியாக ஆளைக் கண்டுபிடித்துவிட்டது கணினி. 2023-இல் பெர்க்லி ஆய்வாளர்கள் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான விளையாட்டுக்காரர்களின் அசைவுத் தரவை எடுத்துக்கொண்டார்கள். நூறு விநாடி போதும், 94 சதவீதம். நாம் தலை சாய்க்கும் விதம், கையின் நீளம், நிற்கும் உயரம் எல்லாம் சேர்ந்து கைரேகை மாதிரி ஆகிவிடுகிறது. லேப்டாப்பில் போனால் இந்தத் தொல்லை பெருமளவு இல்லை. ஹெட்செட் வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

குரல் பதிவாகிறதா என்று நிகழ்ச்சி அமைப்பாளரை நேராகக் கேளுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசமும் உண்டு. அது முழுவீச்சில் வரும்வரை நம் வாயை நாமே காத்துக்கொள்வது நல்லது. மூலையில் ஒதுங்கி நின்றாலும், கட்சிக்காரர் விவகாரமோ நோயாளி விவரமோ அங்கே பேசக் கூடாது. மூலை என்பது படம்தான். ஒலி யாருடைய சர்வருக்கோ போய்த்தான் வருகிறது.

தமிழில் பேசலாமா, எழுதலாமா?

பேசுவதற்குத் தடையே இல்லை, குரல் குரல்தான். எழுத்தில்தான் கோளாறு. இந்த உலகங்களில் பலவற்றை விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள். அவற்றில் வெகுகாலம் இருந்த எழுத்துக் கருவிகள், எழுத்துகளை வந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதோடு சரி. கணினியில் 'கெ' என்பது முதலில் 'க', அப்புறம் கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் தூக்கி வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காவிட்டால் பெசன்ட் நகர், தேனாம்பேட்டை, கொட்டிவாக்கம் எல்லாம் கொம்பு இடம்மாறிக் கிடக்கும். மயிலாப்பூரில் 'பூ' உடையும், அடையாறில் 'டை'யும் 'று'வும் போகும். தி.நகர்க்காரர்தான் கொஞ்சம் பிழைப்பார்.

பிரவுசருக்குள் ஓடும் தளங்களில் பொதுவாக இந்தத் தொல்லை வருவதில்லை, பிரவுசருக்குத் தமிழ் தெரியும். தனி செயலியாக இறக்கிக்கொள்ளும் உலகங்களில் முன்கூட்டியே தட்டச்சு செய்து பாருங்கள். உரை நிகழ்த்துபவர்கள் ஸ்லைடுகளைப் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ ஏற்றினால் தமிழ் சேதமில்லாமல் போய்ச் சேரும். தானாக ஓடும் தமிழ் வசன வரிகளை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள். பாதி ஆங்கிலம் கலந்து நாம் பேசும் தமிழ் அவற்றைத் திணறடித்துவிடும். இவ்வளவுக்கும் தமிழ் இணைய மாநாடு நடத்துகிற சமூகம் நாம். கணித்தமிழ் ஆட்கள் மெய்நிகர் உலகங்களின் எழுத்துக் கோளாறை இன்னும் உரக்கக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

நேரம் காலை பத்து மணி என்று போட்டிருக்கிறது. எந்த ஊர் காலை?

நல்ல கேள்வி. செகண்ட் லைஃப் நிகழ்ச்சிகளில் 'எஸ்.எல்.டி.' என்றிருந்தால் அது கலிஃபோர்னியா நேரம். அங்கே காலை பத்து என்றால் நமக்குக் கோடைக்காலத்தில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. அமெரிக்காவில் மார்ச்சிலும் நவம்பரிலும் கடிகாரத்தைத் தள்ளிவைப்பார்கள். அந்த வாரங்களில் இரண்டு முறை சரிபாருங்கள். இரவு நிகழ்ச்சிக்கு ஒரு வசதியும் உண்டு: பாண்டி பஜார் ஹாரன் சத்தமும் கீழே கீரைக்காரம்மா குரலும் மைக்கில் விழாது. இணைப்பை முடிந்தவரை வயரில் வாங்குங்கள். ரவுட்டருக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். இருந்தால் மழை நாளில் மின்சாரம் போய் வரும்போது அறையிலிருந்து தூக்கி எறியப்பட மாட்டீர்கள். ஐப்பசி கார்த்திகையில் செல்போன் டேட்டாவையும் மாற்றாக வைத்திருங்கள்.

அங்கே அறிமுகமானவர்களை அப்புறம் எப்படிப் பிடிப்பது?

உள்ளேயே 'நண்பர்' ஆக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். இந்த உலகங்களுக்கு ஆயுள் குறைவு. மைக்ரோசாஃப்ட் 2017-இல் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர். 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. மோசில்லா ஹப்ஸ் 2024 மே 31 அன்று முடிந்தது. மூடும்போது நண்பர் பட்டியல், அறை, சுவரில் மாட்டிய போஸ்டர் எல்லாம் சேர்ந்து போகும். 2003-இன் செகண்ட் லைஃப் இன்றும் ஓடுகிறது என்பது இந்தத் துறையின் விசித்திரங்களில் ஒன்று.

பேசிக்கொண்டிருக்கும்போதே மின்னஞ்சலோ லிங்க்ட்இன் கணக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். எதைப் பற்றிப் பேசினோம் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முகம் பார்க்காத அறிமுகத்தில் அந்த ஒரு வரியை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்ல முடியும். சான்றிதழ், ரசீது, உரைப் பதிவு எதுவானாலும் அந்த வாரத்துக்குள் இறக்கிவிடுங்கள். அவர் சென்னைக்காரராகவே இருந்துவிட்டால், அடுத்த சந்திப்பை மயிலாப்பூரில் ஏதாவது ஒரு ஓட்டலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு லாக்-இன் தேவையில்லை.